ஓடக்காரியின் மகள்

சிநேகா தன் கதையை எழுதியது பெரும்பாலும் கம்பெனி பஸ்ஸில்தான். மாமல்லபுரத்தில் கிளம்பும் அந்த பஸ் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து, ராட்டினங்கிணறு நிறுத்தத்தில் அவளை ஏற்றிக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டைக்குப் போகும். கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி. பி.காம். முடித்த கையோடு சேர்ந்துவிட்டாள். கட்டி முடித்த ஒயர்களை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிசகு இருந்தால் ஒதுக்கிவைப்பது அவள் வேலை. கண்ணுக்குத்தான் வேலை, மனசு சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடந்த மனசில்தான் கடலுக்கடியில் ஒரு நகரம் எழுந்தது. அதற்கு நீர்க்கோட்டை என்று பெயர் வைத்தாள். கதை படிக்கும் செயலி ஒன்றில், அதே பெயரில் தொடராக எழுத ஆரம்பித்தாள்.

முதலில் அதை யாரும் படிக்கவில்லை. நீர்க்கோட்டையை ஆண்ட அரசர்களின் வரலாற்றை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தாள். எந்த அரசன் எந்த மதிலைக் கட்டினான், யார் யாரைக் கொன்றான், எல்லாவற்றையும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வரும் வினிதாதான் முதல் வாசகி. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்துக்காரி. முதல் நிறுத்தத்திலேயே ஏறி, சிநேகாவுக்கென்று பையைப் போட்டு இடம் பிடித்து வைப்பாள். அவள் போனில் விரலால் தள்ளித் தள்ளிப் படித்துவிட்டுக் கேட்டாள்:

"எல்லாம் செத்துப்போன ராஜாவா கீறாங்களே. உயிரோட யாருதான் கீறா இதுல?"

சிநேகாவுக்கு முகம் சுருங்கிப்போனது. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு அத்தனை அத்தியாயங்களையும் அழித்துவிட்டு, புயலில் ஓடம் ஓட்டிக்கொண்டு வரும் ஒரு பெண்ணிலிருந்து புதிதாகத் தொடங்கினாள். அந்தப் பெண்ணுக்கு அலைச்சி என்று பெயர். அவளை வளர்க்கிறவள் மாரி என்ற ஓடக்காரி. கூடவே சுற்றித் திரிபவன் மொச்சை. உப்பளத்தில் யாரோ கண்டெடுத்து வளர்த்த பையன், தண்ணீரைக் கண்டாலே நடுங்குவான். படிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்றுதான் அவனைச் சேர்த்தாள்.

பழைய வரலாற்றிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து முகப்பில் வைத்துக்கொண்டாள். பகைவர் கோட்டையைச் சூழ்ந்த நாளில், அரசி தன் குழந்தையை ஒரு கூடையில் வைத்து ஆற்றில் விடுகிறாள். அந்தக் குழந்தைதான் அலைச்சி. மூன்றாம் பாகத்தில் அந்த ரகசியம் உடையும். இப்படி வைக்கலாமா வேண்டாமா என்று அவள் யோசிக்கக்கூட இல்லை. வீரக் கதை என்றால் அப்படித்தான் இருக்கும் என்பது அவள் எண்ணம்.

அலைச்சி சொன்னால் தண்ணீர் கேட்கும் என்று எழுதியிருந்தாள். அதற்கும் வினிதாவிடம் ஒரு கேள்வி இருந்தது.

"தண்ணி சொன்ன பேச்ச கேக்குதுன்னா, அப்புறம் இவளுக்கு இன்னா கஷ்டம்? எல்லாத்தையும் தண்ணியே செஞ்சிட்டு போவுது."

அந்தக் கேள்வியோடு ஒரு வாரம் அல்லாடினாள். கடைசியில், தண்ணீர் ஒவ்வொரு முறை கீழ்ப்படியும்போதும் அலைச்சிக்கு ஒரு சொல் மறந்துபோகும் என்று மாற்றினாள். முதல் பாகத்தின் முடிவில் அலைச்சி விளக்கைக் காட்டி, "அம்மா, இதுக்கு என்ன பேர்" என்று மாரியைக் கேட்பாள். அந்த அத்தியாயத்துக்குப் பிறகுதான் முன்பின் தெரியாதவர்கள் பின்னூட்டம் போட ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருந்தபோது கம்பெனியில் ஒரு சம்பவம் நடந்தது. அன்று நல்ல வெயில். லைனில் நின்று ஒயர் கட்டிக்கொண்டிருந்த சங்கரி மயங்கி விழுந்தாள். சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, ஓரமாகப் படுக்க வையுங்கள், லைன் நிற்கக்கூடாது என்றார். வினிதா போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மொத்த லைனும் நின்றது. "ஆம்புலன்ஸ் வரட்டும் சார். அதுவரைக்கும் ஓடாது" என்றாள். அவர் கத்திப் பார்த்தார். அவள் பொத்தானை மறைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஆம்புலன்ஸ் வந்தது. வினிதாவுக்கு மெமோ கொடுத்தார்கள்.

எதிர்வரிசையில் இருந்து சிநேகா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த அத்தியாயத்தில் அலைச்சி ஓர் அரண்மனைக் கப்பலில் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருத்தி சரிந்து விழுகிறாள். நிறுத்தாதே, துடுப்பை வலி என்கிறான் கண்காணி. அலைச்சி தன் துடுப்பைக் குறுக்கே போட்டுக் கப்பலை நிறுத்துகிறாள். தொடரிலேயே மிக அதிகம் பேர் படித்த அத்தியாயம் அதுதான். இதை உன்னிடமிருந்துதான் எடுத்தேன் என்று வினிதாவிடம் சிநேகா சொல்லவில்லை. படித்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தாள்.

மூன்றாம் பாகம் தொடங்கும்போது செயலியிலிருந்து கலைவாணன் என்பவர் போன் செய்தார். தமிழ்த் தொடர்களை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடியோவுக்கு உங்க தொடரைத்தான் யோசிச்சு வச்சிருக்கோம் சிநேகா. அந்தப் பிறப்பு ரகசியத்தை மட்டும் சீக்கிரம் உடைச்சிடுங்க. எல்லாரும் அதுக்குத்தான் காத்துட்டிருக்காங்க."

"அடுத்த மாசம் வந்துடும் சார்" என்றாள். அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் வினிதாவிடம் இதைச் சொன்னாள். வினிதா தொடையில் தட்டிக்கொண்டாள்.

"எனக்கு எப்பவோ தெரியும்டி, அவ ராஜா பொண்ணுன்னு. அந்தக் கப்பல்ல துடுப்ப குறுக்க போட்டு நிறுத்தனா பாரு, அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு. ராஜா ரத்தம் இல்லாம அந்தத் தெகிரியம் எங்கேந்து வரும்? ஓடக்காரி வூட்டுப் பொண்ணுக்கு வருமா?"

சந்தோஷமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியைப் பிட்டுக்கொண்டாள். பஸ் கொளவாய் ஏரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சிநேகாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எட்டாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் சிநேகா முதல் பரிசு வாங்கியபோது, பரிசு கொடுக்க வந்திருந்த பெண்மணி அவளை எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னாள். "காலனிப் பொண்ணா நீ? பார்த்தா அப்படித் தெரியவே இல்லையே" என்று அவர் கன்னத்தைத் தட்டினார். சிநேகாவும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடிவந்து அம்மா மேரியிடம் அதைச் சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று அப்போது விளங்கவில்லை. இப்போது அதே வாக்கியத்தை அவளே மூன்று பாகமாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஆனாலும் அந்த வாரம் ரகசியம் உடையும் அத்தியாயத்தை எழுதத்தான் செய்தாள். அரண்மனைப் பெரியவர்கள் எல்லாரும் அலைச்சியின் முன் மண்டியிட்டார்கள். சங்கு முழங்கியது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, மாரி கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பேச ஒரு வார்த்தைகூட இல்லை. தூக்கி வளர்த்தவள், துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள், மறந்துபோன சொற்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லிக்கொடுத்தவள். அவளுக்கு இந்தக் கதையில் இனி வேலையே இல்லை. சிநேகா அத்தியாயத்தை அழித்தாள்.

அழிப்பது சுலபமாக இருந்தது. ஆனால் முன்னால் வெளியிட்டதை என்ன செய்வது? ஆயிரக்கணக்கானவர்கள் படித்துவிட்டார்கள். அரசி ஆற்றில் விட்ட குழந்தை முகப்பிலேயே இருக்கிறது. சத்தமில்லாமல் அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அது ஏமாற்று வேலை என்று உடனே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, தன் தொடரை முதல் வரியிலிருந்து வேறு யாரோ எழுதியதைப் போலப் படித்தாள். அலைச்சி அரசகுமாரி என்பதற்கான குறிப்புகள் வரும் இடங்களிலெல்லாம் நின்று, இதைச் சொல்வது யார் என்று பார்த்தாள். சொன்னவர்கள் எல்லாரும் அரண்மனைக்காரர்கள். அவளுடைய நடையைப் பார்த்து அமைச்சர் சொன்னார். கண்ணைப் பார்த்துக் கிழட்டு சேனாதிபதி சொன்னார். ஓர் ஓடக்காரியின் மகள் தங்களைக் காப்பாற்றினாள் என்று ஒப்புக்கொள்ள முடியாதவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

மீதி இருந்தது அந்த முகப்புப் பக்கம்தான். அதை நான்கைந்து முறை படித்தாள். 'குழந்தையைக் கூடையில் வைத்தாள். அது அழவில்லை. அது தன் தாயையே பார்த்துக்கொண்டிருந்தது.' குழந்தை, அது. ஆண் என்றும் எழுதவில்லை, பெண் என்றும் எழுதவில்லை. தமிழ் அவளை அப்படி எழுத விட்டிருந்தது. அவள் தொட்டியில் சாய்ந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். கைக்குழந்தையாகக் கூடையில் வைத்து ஆற்றில் விடப்பட்ட ஒருவன் காலமெல்லாம் தண்ணீரைக் கண்டு நடுங்காமல் என்ன செய்வான்?

அரசனின் பிள்ளை மொச்சை. அலைச்சி மாரியின் வயிற்றில் பிறந்த மகள்.

இதைக் கலைவாணனிடம் போனில் சொன்னாள்.

"நல்லா யோசிச்சிருக்கீங்க. ஆனா இது வாசகருக்கு வேணாம். ஒரு அடிமட்டத்துப் பொண்ணு ராணியாகறதுதான் அவங்களுக்கு த்ரில்."

"அவ அடிமட்டத்துப் பொண்ணாவே ஜெயிச்சா த்ரில் இல்லையா சார்?"

"அந்த அளவுக்கு இருக்காது. ஆடியோக்காரங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

"தெரியல சார். ஆனா நான் எழுதிட்டேன். வெள்ளிக்கிழமை போட்டுடுவேன்."

போனை வைத்ததும் அத்தியாயத்தை இன்னொரு முறை பிழை பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை அத்தியாயம் வெளியானது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் பின்னூட்டங்கள் குவிந்தன. 'ஏமாத்திட்டீங்க.' 'மொச்சையா ராஜா? காமெடி பண்றீங்களா?' 'இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.' ஒருவர் மட்டும், முகப்புப் பக்கத்தைத் திரும்பப் போய்ப் படித்ததாகவும், குழந்தை என்ன குழந்தை என்று சொல்லவே இல்லை என்பதை இப்போதுதான் கவனித்ததாகவும் எழுதியிருந்தார். சிநேகா அதை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

மாலை சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது வினிதா கேட்டாள்.

"அப்ப அவ யாரு?"

"மாரி பொண்ணு."

"சும்மா ஓடக்காரி பொண்ணு."

"சும்மா இல்ல வினி. அதான் நா சொல்ல வந்ததே."

"நீ இன்னா வேணா சொல்லிக்கோ. நா காலைலேந்து நின்னுகினு ஒயர் கட்றேன். வூட்டுக்குப் போனா மீன் கூடைய கழுவணும். இந்த பஸ்ல வர்ற நேரம் மட்டும் நா ராஜா பொண்ணா இருந்தேன். அதையும் புடுங்கிக்கினியா?"

வினிதா சொன்னது பொய்யில்லை. திங்கட்கிழமை ஏறியபோது வினிதாவின் பக்கத்தில் சங்கரி உட்கார்ந்திருந்தாள். சிநேகா பின்னால் போய், ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரங்களில் படிப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஆடியோ வேறொரு தொடருக்குப் போய்விட்டதாகக் கலைவாணன் மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினார். ரகசியத்தை மறுபடி மாற்ற இன்னும் வழி இருந்தது. மொச்சை பொய் சொன்னான் என்று ஒரே ஒரு அத்தியாயம் எழுதினால் போதும். சிநேகா அதை எழுதவில்லை. பஸ்ஸின் கடைசி சீட்டில் குலுங்கிக்கொண்டே, நினைத்த இடத்துக்குக் கதையைத் தள்ளிக்கொண்டு போனாள். கேள்வி கேட்க வினிதா இல்லாததால், ஒவ்வொரு பக்கத்தையும் முடித்துவிட்டு அவள் குரலில் தானே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 'அப்ப இவ ஏன் ஓடல?' 'இவன் இத்தன நாள் எங்க இருந்தான்?' பல கேள்விகளுக்குப் பதில் இல்லாமல், எழுதியதை அழித்து மறுபடி எழுதினாள்.

கடைசி அத்தியாயத்துக்கு முந்தியதில், அரண்மனைக்காரர்கள் மொச்சையை ஏற்க மறுத்து, நீதான் எங்கள் அரசகுமாரி என்று ஒப்புக்கொள், போதும் என்று அலைச்சியைக் கெஞ்சுகிறார்கள். அவள் மாரியின் கையைப் பிடித்துச் சபை நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறாள். அதை வெளியிட்ட ஞாயிற்றுக்கிழமை, சிநேகா மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினாள். கல் அறுக்கும் மெஷின்களின் இரைச்சலைத் தாண்டி, ஷேர் ஆட்டோவில் குப்பத்துக்குப் போனாள்.

வினிதா கரையேற்றிய ஃபைபர் போட்டின் நிழலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டுக் கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா இவ்ளோ தூரம்?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். முன்னாடியே சொல்லியிருக்கணும்." சிநேகா மணலில் உட்கார்ந்தாள். "கப்பல நிறுத்தனது அலைச்சி இல்ல. நீ. சங்கரி வுழுந்த அன்னிக்கு நீ பட்டன அமுக்கிகினு நின்ன பாரு, அதப் பாத்துத்தான் எழுதினேன். நீ அதப் படிச்சிட்டு, ராஜா ரத்தம் இல்லாம வருமான்னு கேட்ட. அதுக்கப்புறம் என்னால அவள ராஜா பொண்ணுன்னு எழுத முடியல."

வினிதாவின் கை வலையில் நின்றது. கடலைப் பார்த்தாள். பிறகு மறுபடி வலையை எடுத்துக்கொண்டாள்.

"நானா அது?"

"ஆமா."

"பொய் சொல்லாத. அவ எவ்ளோ கம்பீரமா நிப்பா. நா எங்க அப்டி நின்னேன்? காலு ரெண்டும் நடுங்கிகினு இருந்துச்சு. பட்டன வுட்டா வுழுந்துடுவேன்னுதான் அத புடிச்சிகினு நின்னேன். அப்புறம் பாத்ரூம்ல போய் வாந்தி எடுத்தேன். அதெல்லாம் நீ எழுதலையே."

"எனக்குத் தெரியாது வினி."

"தெரியலன்னா கேக்க வேண்டிதான? பக்கத்து சீட்லதான இருந்தேன்."

சிநேகா தலையாட்டினாள். தூரத்திலிருந்து பார்த்ததை எழுதிவிட்டு, அதுதான் வினிதா என்று நம்பிக்கொண்டிருந்தாள். வினிதாவின் அம்மா கொண்டுவந்து கொடுத்த டீயை இருவரும் குடித்தார்கள். வினிதா தம்ளரைக் கவிழ்த்து மணலில் வைத்துவிட்டு, "இன்னிக்கு போட்டத காலைல படிச்சேன். மாரிய கூட்டியாந்து நடுவுல நிறுத்தினியே, அது சரிதான்" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆனாலும் ராஜா பொண்ணா இருந்திருந்தா நல்லாதான் இருந்திருக்கும்" என்றாள்.

"தெரியும்" என்றாள் சிநேகா.

திங்கட்கிழமை பஸ்ஸில் வினிதா நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். மூன்று பேர் சீட்டில் சங்கரியும் கூட இருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சங்கரி, "வுழுந்தவ நானு. என்ன யாரும் கேக்க மாட்டீங்களா?" என்றாள். அன்று அவர்கள் இருவரும் சொன்னதைச் சிநேகா கேட்டுக்கொண்டே வந்தாள். அந்த வாரமே கப்பல் அத்தியாயத்தைத் திருத்தினாள். அலைச்சியின் கால்கள் நடுங்கின. சரிந்து விழுந்த பெண்ணுக்கு ஒரு பெயரும், கண் இருட்டிக்கொண்டு வரும்போது தோன்றிய ஒரு நினைப்பும் கிடைத்தன. பழைய வாசகர்கள் யாரும் அதைப் போய்ப் பார்க்கப்போவதில்லை. அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை.

கடைசி அத்தியாயத்தில் மாரிதான் நெடுநேரம் பேசினாள். முதல் பாகத்தைப் படித்தவர்களில் நாலில் ஒரு பங்குதான் முடிவுவரை வந்திருந்தார்கள். வந்தவர்கள் நீளமாக எழுதினார்கள். அம்மா மேரி அதை இரண்டு மாலைகளில் மெல்லப் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்த மாரி பேசினது எல்லாம் நெசம்" என்று மட்டும் சொல்லி அடுப்படிக்குப் போனாள். முதல் தொடரை முடித்துவிட்டோம் என்பது சிநேகாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த கதையில் அரண்மனையே வைக்கப்போவதில்லை என்று பஸ்ஸில் சொன்னபோது வினிதா முகத்தைச் சுளித்தாள்.

"ராஜாவே இல்லன்னா யார எதுத்து சண்ட போடுவாங்க?"

நல்ல கேள்விதான். எழுதிப் பார்த்தால்தான் தெரியும் என்று சிநேகா போனைத் திறந்தாள்.